சக்கரம்தான் இருக்கிறதே, இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே?

டொராண்டோவின் டவுன்ஸ்வியூ பார்க்குக்குப் பிள்ளைகளோடு போய்வந்த ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அங்கே முன்பு ஒரு விமான அருங்காட்சியகம் இருந்ததாம், 2011ல் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம், ஊரே சத்தம் போட்டதாம். "விமானத்துக்குச் சக்கரம்தான் இருக்கிறதே, வேறு ஒரு கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே, எதற்கு இவ்வளவு கூச்சல்?" என்பது அவர் கேள்வி. கிண்டலாகக் கேட்டது போலத் தெரிந்தாலும் நியாயமான கேள்விதான். அதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய விமானத்தை இடம் மாற்றுவது அவ்வளவு கஷ்டமா என்பது ஒன்று. கட்டடம் போன பிறகு அருங்காட்சியகம் என்று ஏதாவது மிஞ்சுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னால் அடித்துச் சொல்ல முடியும். இரண்டாவதற்கு நான் பார்த்ததையும் நடந்ததையும் வைத்து என் அபிப்பிராயத்தைத்தான் சொல்வேன், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் விமானப் பராமரிப்பில் 28 வருடம் வேலை பார்த்தவன், முதலில் சென்னையில், பிறகு டொராண்டோவில். இங்கே வந்த பிறகு சனிக்கிழமைகளில் ஒன்டாரியோவில் ஒரு சின்ன விமான அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் ஸ்பேனர் பிடித்தேன். அதுவும் ஒருநாள் தன் ஹேங்கரை, அதாவது விமானங்களை நிறுத்தும் கொட்டகையை, இழந்தது. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை, யாரையும் குறை சொல்வது நோக்கமில்லை. குத்தகைச் சட்டம் வக்கீல்களின் பாடு, அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். இரும்பும் அலுமினியமும் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

முதலில் டவுன்ஸ்வியூவில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் சத்தம் புரியும். கார்ல் ஹால் சாலையில் 65ஆம் எண் கட்டடம். டி ஹாவிலாண்ட் கனடா நிறுவனம் 1929ல் அங்கே வந்து கட்டிய தொழிற்சாலை அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டவுன்ஸ்வியூவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மஸ்கீட்டோ விமானங்களைச் செய்தார்கள். மரத்தால் ஆன விமானம், பலகையும் பசையும்தான் உடம்பு. போர் முடிந்ததும் 1946ல் சிப்மங்க் என்ற பயிற்சி விமானம், 1947ல் பீவர், 1951ல் ஆட்டர். நம் பக்கத்துக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது: 1951ல் தொடங்கிய ராயல் சிலோன் விமானப்படை முதன்முதலில் பறந்தது சிப்மங்கில்தான். இந்திய விமானப்படையும் ஆட்டரையும், இதே நிறுவனத்தின் கரிபூ விமானத்தையும் வைத்திருந்தது. 1962 செப்டம்பர் 29ல் ஏவப்பட்ட கனடாவின் முதல் செயற்கைக்கோள் அலூவெட்டின் உடம்பும் நீட்டி மடக்கும் ஆண்டெனாவும் இதே நிறுவனத்தின் வேலை. சோவியத் யூனியனுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்தபடியாகத் தானே வடிவமைத்துக் கட்டிய செயற்கைக்கோளை மேலே அனுப்பிய நாடு கனடா.

பிறகு அந்த இடம் விமானப்படைத் தளமானது, 1996ல் தளம் மூடப்பட்டது, நிலம் மத்திய அரசின் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. 1997ல் ஒரு கூட்டம் தன்னார்வலர்கள் டொராண்டோ ஏரோஸ்பேஸ் மியூசியம் என்று தொடங்கி அந்தப் பழைய தொழிற்சாலையில் குடியேறினார்கள். 2009ல் கனடியன் ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியம் என்று பெயரை மாற்றினார்கள். நான் 2010ல் ஒரு தடவை போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் எஞ்சின் ஆயிலும் பழைய பெயிண்டும் கலந்த அந்த வாசனை, சென்னையில் நான் வேலை கற்ற பட்டறை வாசனை அப்படியே. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கிற இடமில்லை அது. ஒரு மூலையில் இரண்டு தாத்தாக்கள் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்று காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

2011 செப்டம்பரில் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. அந்த இடத்தில் நான்கு ஐஸ் ஹாக்கித் தளங்கள் கொண்ட வளாகம் கட்டுவது திட்டம். வாடகை பாக்கி இருந்தது என்றும் சொல்லப்பட்டது. இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கனடாவில் மத்திய அரசின் நிலத்தில் நகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியல் கட்டுப்படுத்தாது. ஊர் மக்களும் கவுன்சிலர்களும் எவ்வளவு கத்தினாலும் சாவி வேறு இடத்தில் இருந்தது. ஆகவே கூச்சலுக்குக் காரணம் விமானம் மட்டுமில்லை, அந்த விமானங்கள் பிறந்த வீட்டிலிருந்தே அவற்றை வெளியேற்றுகிறார்கள் என்பதுதான்.

சரி, சக்கரத்துக்கு வருவோம். திருவாரூர் தேருக்கும் சக்கரம் இருக்கிறது. அதற்காக ஊர் விட்டு ஊர் இழுத்துக்கொண்டு போகிறோமா? தேர் நாலு வீதி சுற்றி நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான் அந்தச் சக்கரத்தின் வேலை. விமானத்தின் சக்கரமும் ஓடுபாதைக்கும் ஹேங்கர் தரைக்கும் ஆனது. லாங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 102 அடி, அதை எந்தத் தெருவில் உருட்டுவீர்கள்? பறக்கும் நிலையில் இருந்தால் பறந்து போகலாம். ஆனால் அருங்காட்சியக விமானங்களில் மிகப்பெரும்பாலானவை இனி எப்போதும் பறக்காது. அப்படியானால் ஒரே வழி, கழற்றுவது.

கழற்றுவது என்றால் என்ன என்று ஒரு விமானத்தை வைத்துச் சொல்கிறேன். எங்கள் சின்ன இடத்தில் ஒரு ஹார்வர்ட் இருந்தது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து மஞ்சள் நிறப் பயிற்சி விமானம். வெளி இறக்கை நடுப்பகுதியோடு சேருகிற இடத்தைச் சுற்றி ஒரு பட்டைத் தகடு மூடியிருக்கும். அதைக் கழற்றினால் இரண்டு பக்கத்து விளிம்புகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பவை வரிசையாகச் சின்னச் சின்ன போல்ட்டுகள். விரல் நீளம்கூட இல்லை ஒவ்வொன்றும், ஆனால் டஜன் கணக்கில். எஃகு போல்ட், அலுமினிய விளிம்பு, இடையில் அறுபது வருட ஈரம். இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தின்று வெள்ளைப் பொடியாகப் பூத்து இறுகிப்போயிருக்கும். காரில் என்றால் டார்ச் வைத்துச் சூடு காட்டி அடித்துக் கழற்றிவிடலாம். விமானத்தில் சூடு காட்டினால் அலுமினியத்தின் பதம் போய்விடும், அடித்தால் விளிம்பில் கீறல் விழும். ஆகவே ஊறும் எண்ணெயை விட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை வரை காத்திருப்போம். அடுத்த வாரம் கால் சுற்று நகரும். மறுபடி எண்ணெய்.

ஒருவர் இறக்கைக்குக் கீழே மல்லாந்து படுத்து நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் மேலே ஸ்பேனர். கீழே படுத்தவருக்கு 74 வயது, பழைய விமானப்படைக்காரர். ஒவ்வொரு போல்ட் வெளியே வரும்போதும் எந்த ஓட்டையில் இருந்து வந்தது என்று கேட்டு, துணிப் பையில் போட்டு, அட்டையில் பென்சிலால் எழுதிக் கட்டுவார். பேனா எண்ணெயில் கரைந்துவிடும், பென்சில் அழியாது என்பது அவர் சட்டம். ஒரு இறக்கைக்கு எங்களுக்கு ஏழு சனிக்கிழமை ஆனது. காலி செய்யக் கொடுத்திருந்த கெடுவைச் சனிக்கிழமைகளாக எண்ணினால் முப்பதுகூட இல்லை. எங்களிடம் பதினொரு விமானம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசையும் முக்கியம். மூக்கில் இருக்கும் எஞ்சினை முதலில் இறக்கினால், மூக்குச் சக்கரம் உள்ள விமானம் பின்னால் சாய்ந்து வாலில் உட்கார்ந்துவிடும். இறக்கையை ஒரு பக்கம் மட்டும் எடுத்துவிட்டு மறுபக்கத்தை நாளைக்கு என்று விட்டால் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடலாம். ஜாக்கி வைக்கிற இடம் ஒவ்வொரு விமானத்திலும் குறிப்பிட்ட சில புள்ளிகள்தான், அங்குலம் தள்ளி வைத்தால் ஜாக்கி தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். பெரிய பயணிகள் விமானம் என்றால் இன்னும் மோசம். பலவற்றில் இறக்கை கழற்றுவதற்கு என்று கட்டப்பட்டதே இல்லை, முழுக்க ரிவெட் அடித்தது. அதை நகர்த்த வேண்டுமானால் ரம்பம்தான். ரம்பம் போட்ட விமானத்தை மறுபடி சேர்க்கலாம், பார்வைக்கு நிற்கும், ஆனால் அது வேறு பொருள் என்பது அதைச் சேர்த்தவனுக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் ஆபத்தும் உண்டு. போர்க்கால மீட்டர்களில் இருட்டில் தெரிவதற்காக ரேடியம் கலந்த பெயிண்ட் பூசியிருப்பார்கள். கண்ணாடி உடைந்தால் அந்தத் தூள் காற்றில் வரும், அதைப் பெட்டியில் போட்டு லாரியில் ஏற்ற விதிமுறை தனி. போர் ஜெட் என்றால் அவசரத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கை. அதன் வெடிமருந்துக் குப்பிகளை எடுத்துவிட்டதற்குச் சான்று இல்லாமல் நான் காக்பிட்டுக்குள் காலை வைக்க மாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள். பழைய காகிதத்தில் "எடுத்தாயிற்று" என்று எழுதியிருந்தது, உள்ளே பார்த்தால் ஒன்று பாக்கி இருந்தது என்கிற கதையைத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றிரண்டாவது கேட்டிருப்பார்கள்.

கழற்றியாயிற்று என்றால் சாலை. கனடாவில் சாதாரண லாரிக்கு அகலம் 2.6 மீட்டர், உயரம் 4.15 மீட்டர். ஒரு போர் விமானத்தின் நடுப்பகுதியே இதைத் தாண்டிவிடும். தாண்டினால் தனி அனுமதி, முன்னும் பின்னும் வழிகாட்டி வண்டி, இரவில் ஓடக்கூடாது, இந்தப் பாலம் வேண்டாம் அந்தப் பாலம் வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பனி உருகி மண் இளகும்போது ஒன்டாரியோவின் பல சாலைகளில் பாதிப் பாரம்தான் அனுமதி. இலையுதிர் காலத்தில் நோட்டீஸ் கொடுத்து ஆறு மாதத்தில் கிளம்பு என்றால், குளிர்காலம் முழுக்கச் சூடில்லாத ஹேங்கரில் விரல் மரத்துப்போய்க் கழற்றி, சரியாக அந்த இளகுகிற மாதத்தில் ரோட்டுக்கு வருவீர்கள்.

அப்புறம் எங்கே கொண்டு வைப்பது? "வெளியே தார்ப்பாய் போட்டு வை" என்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் வேர்த்து, விமானத்தை வெளியே திறந்து வைத்ததைவிட வேகமாக அரிக்கும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் தண்ணீர் புகும், இரவில் உறைந்து விரியும், பகலில் உருகும், மறுபடி உறையும். ஒரு குளிர்காலத்தில் இது எத்தனை தடவை நடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறவை எச்சம் அமிலம். காக்பிட் மூடி வெயிலில் சிலந்திவலை மாதிரி வெடிக்கும். மரத்தால் ஆன விமானத்தை வெளியே விட்டால் பேச்சே இல்லை, பசை விட்டுப்போகும்.

டவுன்ஸ்வியூவில் இருந்த லாங்காஸ்டர், வரிசை எண் எஃப்எம்104, இதற்குச் சாட்சி. 1945ல் டொராண்டோவை ஒட்டிய மால்டனில் செய்தது. மால்டன் தொழிற்சாலை மொத்தம் 430 லாங்காஸ்டர்கள் செய்தது. போருக்குப் பிறகு கனடிய விமானப்படையில் கடலைக் கண்காணிக்கப் பறந்து ஓய்ந்ததும், 1960களின் நடுவில் டொராண்டோ ஏரிக்கரையில் ஒரு கம்பத்தின்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். 1999 வரை மழையும் பனியும் ஏரிக்காற்றும் புறாக்களும் அதற்குச் சொந்தம். கீழே இறக்கி டவுன்ஸ்வியூவுக்குக் கொண்டுவந்து தன்னார்வலர்கள் பகுதி பகுதியாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், பன்னிரண்டு வருடம். வேலை பாதியில் இருக்கும்போதுதான் 2011 வந்தது.

இப்போது இரண்டாவது கேள்வி. விமானங்கள் பெரும்பாலும் எப்படியோ தப்பித்துவிடுகின்றன. சிதறுவது அவற்றைச் சுற்றியிருந்த கூட்டம். என் அனுபவத்தில் கட்டடம் போகும்போது முதலில் காணாமல் போவது சனிக்கிழமை. அந்த 74 வயதுக்காரர் அரை மணி நேரம் காரோட்டி வருவார், ஒன்றேகால் மணி நேரம் வர மாட்டார். புது இடத்தில் ஹீட்டர் இல்லை என்றால் குளிர்காலத்தில் அவர் மனைவி விட மாட்டார். ஒரு வருடம் இடைவெளி விழுந்தால் அவர் வேறு பொழுதுபோக்கு தேடிக்கொள்வார், அல்லது இல்லாமல் போய்விடுவார். எந்த போல்ட் எந்த ஓட்டை என்பது அட்டையில் இருக்கும். அந்த ஓட்டையில் எண்ணெய் விட்டு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கையில்தான் இருக்கும்.

அடுத்தது காகிதம். அருங்காட்சியகத்தில் இருக்கும் எல்லா விமானமும் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமில்லை. நிறைய இரவல். அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகம் நாடெங்கும் சின்னச் சின்ன இடங்களுக்கு விமானம் கொடுத்து வைத்திருக்கிறது, ஆனால் உரிமை தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கூரை போய்விட்டது என்று தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தனி மனிதர்கள் கொடுத்தது இன்னும் சிக்கல். அப்பா 1998ல் "வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார், இப்போது மகள் வந்து அது இரவல்தான் என்பார். எங்கள் இடத்தில் காலி செய்யும் செய்தி வந்த முதல் வாரம் நாங்கள் ஸ்பேனரைத் தொடவே இல்லை. பழைய கோப்புகளைப் பரப்பி வைத்து எது யாருடையது என்று எழுதிக்கொண்டிருந்தோம். பதினொன்றில் நான்குக்குத் தெளிவான காகிதம் இல்லை.

டவுன்ஸ்வியூ லாங்காஸ்டர் விஷயத்தில் காகிதம் தெளிவாக இருந்தது, அது டொராண்டோ நகரத்துக்குச் சொந்தம். கட்டடம் போனதும் பாகம் பாகமாகக் கிடங்கில் கிடந்தது. கடைசியில் 2018ல் நகர மன்றம் அதை பிரிட்டிஷ் கொலம்பியாவில் விக்டோரியா விமான நிலையத்தை ஒட்டிய விமான அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது. மால்டனில் பிறந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஒன்டாரியோவில் இருந்த விமானம் லாரிகளில் ஏறி நாட்டின் மறுகரைக்குப் போனது. அங்கே அதைப் பொறுமையாகச் சீர்படுத்த எடுத்துக்கொண்டார்கள், நல்ல கைகள், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் மால்டனில் அதைச் செய்த பெண்களின் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் இப்போது விமானச் சீட்டு வாங்க வேண்டும்.

டவுன்ஸ்வியூ அருங்காட்சியகத்தின் இன்னொரு பெரிய பொருள் ஏவ்ரோ ஆரோ (Avro Arrow) என்ற ஜெட் போர் விமானத்தின் முழு அளவு மாதிரி. அசல் ஆரோ 1958 மார்ச் 25ல் மால்டனில் முதன்முதலில் பறந்தது. 1959 பிப்ரவரி 20ல் அரசு திட்டத்தை ரத்து செய்தது, பறந்த ஐந்து விமானங்களையும் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஒரு மூக்குத் துண்டும் சில இறக்கைத் துண்டுகளும்தான் ஒட்டாவா அருங்காட்சியகத்தில் மிஞ்சின. அதனால்தான் டவுன்ஸ்வியூ தன்னார்வலர்கள் எட்டு வருடம் உழைத்து 50 அடி இறக்கையோடு ஒரு மாதிரியைக் கட்டி 2006ல் வெளியே இழுத்துக் காட்டினார்கள். காலி செய்யும்போது அதையும் கழற்றி பியர்சன் விமான நிலையப் பக்கம் கொண்டுபோனார்கள், பிறகு வடக்கே எடன்வேல் என்ற சின்ன விமானத் தளத்துக்கு. வெட்டிப் போட்ட விமானத்துக்கு ஞாபகமாகச் செய்ததையும் வெட்டிப் போட்டுவிடுவார்களோ என்று அப்போது பலர் பயந்தார்கள். அது நடக்கவில்லை.

வேறு ஊர்க் கதைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா இடத்திலும் வீட்டுக்காரர்தான் வில்லன் என்று நினைத்துவிடக்கூடாது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அறிவியல் அருங்காட்சியகத்தின் விமானக் கூடம் ஒரு விக்டோரியா காலத்துச் சந்தைக் கட்டடத்தில் இருந்தது. இரும்பும் கண்ணாடியுமாக அழகான கட்டடம், ஆனால் பராமரிப்புச் செலவு தாங்க முடியவில்லை. 2021ல் அருங்காட்சியகமே அந்தக் கூடத்தை மூடிவிட்டுக் கட்டடத்தை நகரத்திடம் திருப்பிக் கொடுத்தது. அங்கே இருந்த ஷேக்கிள்டன் என்ற பெரிய விமானம், 120 அடி இறக்கை, வுட்ஃபோர்டில் இருக்கும் ஏவ்ரோ அருங்காட்சியகத்துக்குப் போனது. துண்டு துண்டாகப் போனாலும் சொந்த ஊருக்குத் திரும்பியது போலத்தான், அந்த வகை விமானங்களுக்கும் வுட்ஃபோர்டுக்கும் உறவு பழசு.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டில்லமுக் என்ற ஊரில் நேர் எதிர்க் கதை. போர்க்காலத்தில் எஃகைச் சேமிக்க முழுக்க மரத்தாலேயே கட்டிய ஆகாயக் கப்பல் ஹேங்கர், 1,072 அடி நீளம், ஏழு ஏக்கர் தரை. பக்கத்தில் இருந்த அதன் ஜோடி 1992ல் எரிந்துபோனது. மிஞ்சியதில் விமான அருங்காட்சியகம் நடந்தது, கடலோர ஈரமும் கூரை ரிப்பேரும் ஓயாத தலைவலி. விமானங்களின் சொந்தக்காரர் 2014ல் பெரும்பாலானவற்றை மலைக்கு அந்தப்பக்கம் வறண்ட ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த ஊரின் பெயர் மெட்ராஸ். கடையில் கிடந்த மெட்ராஸ் துணிச் சுருளைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று அங்கே கதை சொல்வார்கள். அவற்றில் நிறைய, பறக்கும் நிலையில் இருந்தவை என்பதால் அந்த இடமாற்றம் சுலபமாயிற்று, சாவியைத் திருப்பிப் பறந்துபோனார்கள். டில்லமுக் ஹேங்கரோ அப்போது மூடவில்லை, வேறு விமானங்களைத் தேடிப்பிடித்து அதன் பிறகும் அருங்காட்சியகமாகவே நடந்தது, அந்தக் கட்டடத்தைப் பார்க்கவே ஜனம் வந்தது.

மிச்சிகனில் யாங்கீ ஏர் மியூசியத்தின் ஹேங்கர் 2004 அக்டோபரில் எரிந்தது. தீ பரவுவதற்குள் ஓடிவந்தவர்கள் பறக்கும் நிலையில் இருந்த விமானங்களை வெளியே தள்ளிவிட்டார்கள், மற்றவை போயின. நண்பரின் சக்கரக் கேள்விக்கு உருப்படியான ஒரே ஆதரவு இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஐந்து நிமிட அவசரத்தில் சக்கரம் உதவும். பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த காரியம். அதே விமான நிலையத்தில் ஃபோர்டு கம்பெனி போர்க்காலத்தில் 8,685 பி-24 குண்டுவீச்சு விமானங்கள் செய்த வில்லோ ரன் தொழிற்சாலையை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பணம் திரட்டி, கெடுவைப் பலமுறை தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சி, விமானங்கள் வெளியே உருண்டு வரும் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் விலைக்கு வாங்கிவிட்டார்கள். வாடகைக்கு இல்லை, சொந்தமாக. என் அபிப்பிராயத்தில் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. மாதாமாதம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் உட்கார்ந்துகொண்டு 70 வருடப் பழைய விமானத்தைப் பிரித்துப் போடுவது, வாடகை வீட்டில் கிணறு வெட்டுவது மாதிரி. இதைச் சொல்லும்போது நான் எங்கள் இடத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் ஒப்பந்தத்தைக் கடைசி வாரம் வரை நான் படித்ததே இல்லை.

டவுன்ஸ்வியூ கட்டடம் என்ன ஆனது என்றும் கேட்பீர்கள். ஐஸ் ஹாக்கித் தளம் அங்கே வரவே இல்லை. கட்டடம் சில வருடம் சும்மா கிடந்தது, பிறகு சென்டெனியல் கல்லூரி அதைப் புதுப்பித்து 2019ல் விமானத் தொழில்நுட்ப வளாகமாகத் திறந்தது. பழைய முகப்பை விட்டுவைத்து உள்ளே ஹேங்கரும் வகுப்பறைகளும். ஸ்கார்பரோவில் இருந்த விமானப் பராமரிப்பு வகுப்புகள் அங்கே மாறின, நம் பிள்ளைகள் அங்கே ரிவெட் அடிக்கக் கற்றுக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். கட்டடத்துக்கு இதைவிட நல்ல வாழ்க்கை அமைந்திருக்காது. அருங்காட்சியகத்தை அங்கேயே ஒரு ஓரத்தில் வைத்திருக்க முடியாதா என்றால், 2011ல் இந்தக் கல்லூரித் திட்டம் கையில் இருந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான். பக்கத்து ஓடுபாதையும் 2024ல் மூடப்பட்டுவிட்டது, இனி அங்கே வீடுகள்.

எங்கள் ஹார்வர்ட் வேறு மாகாணத்துக்குப் போனது. போன வருடம் கராஜில் என் டூல் பெட்டியின் அடித்தட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு துணிப் பை கிடைத்தது. அட்டையில் பென்சில் எழுத்து, "இடது, கீழ்வரிசை, 9 முதல் 14". எழுத்து அழியவில்லை. உள்ளே ஆறு போல்ட். அந்த ஊருக்குத் தொலைபேசியில் கேட்டேன், இறக்கையை மாட்டியாயிற்றா, அந்த இடத்தில் என்ன போட்டீர்கள் என்று. இன்னும் மாட்டவில்லை, இரண்டு இறக்கையும் சுவரோரம் நிற்கிறது, ஆள் இல்லை என்றார்கள். மறுநாள் தபாலில் அனுப்பிவிட்டேன்.